டெல்டாவில் பயிர் மாறினால் அரிசிக்குத் தட்டுப்பாடு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் பக்கம் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். விதை வாங்க வரும் விவசாயிகள் ஒரு பக்கம், லீவுக்கு ஊருக்கு வரும் சென்னை உறவுக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். பேச்சு முழுக்க மேட்டூர்த் தண்ணீர் பாயும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைப் பற்றியது.

குறுவை, சம்பா, தாளடின்னு சொல்றாங்களே, ஒண்ணும் புரியலை. முதல்ல அதைச் சொல்லுங்க.

குறுவை என்பது ஜூன், ஜூலையில் தொடங்கும் குறுகிய காலப் பயிர். 105 முதல் 120 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஏடிடி 36, ஏடிடி 43 மாதிரி ரகங்கள் இதற்குத்தான். சம்பா ஆகஸ்டில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, தையில் அறுவடையாகும். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர்.1009 போன்ற ரகத்துக்கு 150 நாளுக்கு மேல் ஆகும். குறுவை அறுத்த அதே வயலில் ஐப்பசி வாக்கில் நடும் இரண்டாம் போகம்தான் தாளடி.

ஆக, ஒரு வயலில் சம்பா மட்டும் நடக்கும். இல்லாவிட்டால் குறுவையும் தாளடியும் நடக்கும். அதற்குப் பிறகு ஆனி வரை இருக்கும் கோடைக் காலத்தில் உளுந்து, பயறு, எள், பருத்தி போடலாம், வயலைச் சும்மாவும் விடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டம், அதாவது எந்தப் பருவம் என்று கேட்காமல் "பயிர் மாறுது" என்று பேசினால் பதில் தப்பாகத்தான் வரும்.

சரி, உண்மையில என்னதான் மாறியிருக்கு?

முதலாவது, குறுவை நிலையில்லாமல் போனது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2012-ல் செப்டம்பரில் திறந்தார்கள், 2017-ல் அக்டோபரில். போர் (ஆழ்துளைக் கிணறு) இருந்தவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் ஒருபோகத்துக்கு இறங்கிவிட்டார்கள். 2020-ல் மீண்டும் ஜூன் 12-ல் தண்ணீர் வந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், அந்த ஆண்டு குறுவை 5 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 2024-ல் மறுபடியும் ஜூலைக் கடைசி ஆகிவிட்டது.

இரண்டாவது, கோடைப் பயிர். உளுந்தும் பயறும் குறைந்து, திருவாரூர், நாகைப் பக்கம் பருத்தி ஏறியது. போர்த் தண்ணீர் நன்றாக இருக்கும் கும்பகோணம், பாபநாசம் பக்கம் கோடையிலும் நெல்லே போடுகிறார்கள். மூன்றாவது, நெல்லை விட்டே போன நிலம்: மனை, இறால் குட்டை, விற்பதற்காகத் தரிசாகக் கிடப்பது. பத்திரிகைகளில் இவை மூன்றையும் ஒன்றாகக் கலந்துதான் எழுதுகிறார்கள். அரிசியைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சங்கதிகள் இவை.

நாங்க சென்னையில சாப்பிடற பொன்னி அரிசி உங்க ஊர்லேர்ந்துதானே வருது?

பெரும்பாலும் இல்லை. கடையில் 25 கிலோ சிப்பத்தில் வாங்கும் சன்ன ரக அரிசியில் நிறைய கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறது. டெல்டா நெல்லில் பெரும்பகுதி அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அரவையாகி, ரேஷன் கடைக்கு வருகிறது. குறுவையில் அறுக்கும் நெல்லுக்கு அதுதான் முக்கியமான வழி. எனவே டெல்டாவில் விளைச்சல் குறைந்தால் முதல் அடி விழுவது ரேஷன் அரிசி மேல். சூப்பர் மார்க்கெட் சிப்பத்துக்கு அது வேறு வழியாக, கொஞ்சம் தாமதமாக வரும்.

ரேஷன்ல அரிசி இலவசமா வருதே, அப்புறம் என்ன கவலை?

2011 ஜூன் முதல் இலவசம்தான். அந்த அரிசி இரண்டு வழியில் வருகிறது. 2002 முதல் தமிழ்நாடு தானே நெல்லைக் கொள்முதல் செய்து பயன்படுத்திக்கொள்கிறது. போதாததை மத்தியத் தொகுப்பிலிருந்து வாங்குகிறது. மத்திய அரசு இந்த மாநிலத்துக்கு ஒதுக்குவது ஆண்டுக்கு ஏறக்குறைய 36.8 லட்சம் டன் அரிசி.

2020-21 பருவத்தில் கொள்முதல் சுமார் 45 லட்சம் டன் நெல். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்று கணக்குப் போட்டால் 30 லட்சம் டன் அரிசி. அதாவது நல்ல ஆண்டில் ரேஷன் தேவையில் பெரும்பங்கை நம் மாநிலமே ஈடுகட்டிவிடுகிறது. மோசமான ஆண்டில் வெளி மாநில அரிசி வந்து அந்த இடத்தை நிரப்பும். அதனால் அடுத்த மாதமே கடை காலியாகிவிடாது. யாரை நம்பி இருக்கிறோம் என்பதுதான் மாறும். அந்தக் கதை அடுத்த கேள்வியில்.

அப்ப பஞ்சாப்லேர்ந்து வாங்கிக்கலாமே? நாம ஏன் தண்ணிக்கு இவ்ளோ அடிச்சுக்கணும்?

பஞ்சாபிலும் நெல்லுக்கு நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகிறார்கள். நீர்மட்டம் இறங்குகிறது என்று, குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் நடவு செய்யக் கூடாதென 2009-ல் அங்கே சட்டமே போட்டார்கள். அந்த ஊற்று என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பி நம் வயலைக் கைவிட முடியாது.

அதைவிட முக்கியமான சங்கடம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் கர்நாடகத்தில் நெல் குறைகிறது, அதே ஆண்டு மேட்டூருக்கும் தண்ணீர் வருவதில்லை. நாம் விளைவிப்பதும் நாம் வாங்குவதும் ஒரே நேரத்தில் அடிவாங்கும். 2023 அப்படிப்பட்ட ஆண்டு. ஜூன் 12-ல் அணை திறந்தும், கர்நாடகத்திலிருந்து தண்ணீர் போதாமல் குறுவை கருகி, ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உள்நாட்டு விலைக்குப் பயந்து மத்திய அரசு பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. நாட்டுக்கே இப்படி என்றால், பற்றாக்குறையில் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திடம் என்ன விலைக்கு வாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாமளும் கேரளா மாதிரி ஆயிடுவோமா?

கேரளத்தில் 1974-75-ல் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேர். முதலில் நெல் வயலில் வாழையும் மரவள்ளியும் வந்தன. அப்புறம் மண்ணைக் கொட்டி மேடாக்கித் தென்னை, ரப்பர். கடைசியில் வீடு. நெல் வயலைக் காக்கும் சட்டம் 2008-ல்தான் வந்தது, அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. இப்போது அவர்கள் சாப்பாட்டுக்கு ஆந்திராவிலிருந்து ஜெயா அரிசி வர வேண்டும்.

நம் நிலைமை அப்படியே அதுவல்ல. டெல்டாவின் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டி நிற்கும். அந்த மாதங்களில் நெல்லைத் தவிர வேறு எதுவும் தாக்குப் பிடிக்காது. ஆகவே கோடையில் பருத்தி போட்ட வயல் ஆவணியில் தானாக நெல்லுக்குத் திரும்பிவிடும். மண் கொட்டி மேடாக்கிய வயல் திரும்பாது. அந்த ஒரு விஷயத்தில் கேரளத்தைப் பார்த்து நாம் பயப்படத்தான் வேண்டும்.

பருத்தி போடறவங்க எல்லாம் பேராசைக்காரங்கன்னு எங்க மாமா சொல்றார். நிஜமா?

உங்கள் மாமா வயலுக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும் போல. நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். பருத்திக்கு அதில் பாதி போதும், உளுந்துக்கு 280 இருந்தால் சமாளிக்கும். தண்ணீர் இல்லாத கோடையில் ஒருவர் பருத்தி போடுவது கணக்குத் தெரிந்து செய்கிற காரியம். விலையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2022-ல் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்து அடுத்த ஆண்டு பலர் இறங்கினார்கள். விலை சரிந்து நொந்தார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் அது அரிசியைத் தொடுகிறது. மாசியில் போட்ட பருத்தி ஆடி வரை வயலில் நிற்கும், அதனால் அந்த ஆண்டு அங்கே குறுவை கிடையாது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் இதனால் இழப்பு எதுவுமில்லை. குறுவைக்குத் தண்ணீர் எட்டாத வயல்கள் அவை. வாய்க்கால் தலைப்பில், ஜூன் மாதமே தண்ணீர் பாயும் இருபோக வயலில் பருத்தி போட்டால், ஒரு போக நெல் போய்விட்டது என்றுதான் அர்த்தம். "பருத்தி நல்லதா கெட்டதா" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: வயல் எங்கே இருக்கு?

உளுந்து ஏன் காணாமப் போச்சு? எங்க தாத்தா காலத்துல சும்மா தூவி விடுவாங்களே.

தூவித்தான் விடுவார்கள். சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கும் வயலிலேயே, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கையில் விதைப்பார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. நெல்லை அரிவாளால் அறுத்து எடுத்த பிறகு முளைத்த பயிர் வெளிச்சம் கண்டு, தைப் பனியிலேயே வளரும். எழுபது நாள் சுமாரில் காசு. ஏடிடி 3 என்ற உளுந்து ரகம் நெல் தரிசுக்கென்றே பேர் வாங்கியது.

அதைக் கெடுத்தது அறுப்பு மெஷின். முளைத்து நிற்கும் உளுந்தின் மேல் வண்டி ஏறினால் என்ன மிஞ்சும்? கைஅறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. அறுவடை முடிந்த பிறகு விதைக்கலாம் என்றால் அதற்குள் ஈரம் போய், களிமண் வெடித்துவிடும். அணை தாமதமாகத் திறந்த ஆண்டுகளில் அறுவடையே மாசிக்குத் தள்ளிப்போய், உளுந்துக்கு நாளும் இல்லாமல் போனது.

என்னைக் கேட்டால் டெல்டாவில் நடந்த பயிர் மாற்றங்களிலேயே வருத்தப்பட வேண்டியது இதுதான். நெல்லோடு துளியும் போட்டியிடாத பயிர். மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்துக் கொடுக்கும், செலவே இல்லாத வரும்படி. அது போனதால்தான் கோடையில் வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலைமை வந்தது. நாடு மியான்மரிலிருந்து உளுந்தை இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

கோடையிலயும் நெல்லே போட்டா அரிசி கூடத்தானே செய்யும்? அதைப் போய் வேண்டாங்கறீங்களே?

மேலே சொன்ன 1,250 மில்லிமீட்டரை ஏக்கருக்குக் கணக்கிட்டால் 50 லட்சம் லிட்டர் வரும். சம்பாவில் அதில் நல்ல பங்கை மழை கொடுத்துவிடும். கோடையில் அத்தனையும் நிலத்தடியிலிருந்து வர வேண்டும். மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. கடற்கரை ஓரத்தில், நாகை, வேதாரண்யம் பக்கம், நல்ல தண்ணீரை எடுக்க எடுக்க உப்புநீர் உள்ளே வருகிறது. உப்பேறிய போர் திரும்பி நல்ல தண்ணீர் தருவது அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. அணை தாமதமாகும் ஆண்டில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது இதே போர்த் தண்ணீர்தான். சித்திரையில் நெல்லுக்கு இறைத்துத் தீர்த்துவிட்டால் ஆனியில் கையில் ஒன்றும் இருக்காது. கோடை நெல் இந்த ஆண்டின் அரிசிக் கணக்கில் அழகாகத்தான் தெரியும். அடுத்த மோசமான ஆண்டுக்கான சேமிப்பைத் தின்றுவிட்டு வருகிற அழகு அது.

காவிரித் தண்ணி ஒழுங்கா வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

பாதி சரியாகும். 2018-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும். அதில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்று மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்டு மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும், ஜூன், ஜூலைத் தண்ணீர் ஆகஸ்டில் வெள்ளமாக வந்தால் குறுவைக்கு அது உதவாது. குறுவை போனால் தாளடியும் கூடவே போகும். இருபோக வயல் ஒருபோகமாகிவிடும். பயிர் பெயரளவில் மாறவில்லை, நெல்தான். அரிசி மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மீதிப் பாதி மழை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். நெல் விளைச்சல் முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. எந்தப் பயிர் மாற்றமும் ஒரே ஆண்டில் செய்ய முடியாத சேதம் அது.

கர்நாடகாவுல பயிர் மாறினதுனாலதான் நமக்குத் தண்ணி குறையுதுன்னு சொல்றாங்களே?

உண்மை கலந்ததுதான். ஹாரங்கி, கபினி, ஹேமாவதி அணைகள் வந்தபின் அங்கே பாசனம் விரிந்தது. மாண்டியா பக்கம் கரும்பும் நெல்லும் பெருகின. 2018 தீர்ப்பில் பெங்களூரு குடிநீருக்கென்றே கூடுதலாக 4.75 டி.எம்.சி. கொடுத்தார்கள். நாமும் 1934-ல் மேட்டூர் அணையைக் கட்டியபோது கல்லணைக் கால்வாய் வெட்டிப் புது ஆயக்கட்டு (பாசன நிலம்) சேர்த்தவர்கள்தானே. ஆற்றில் தண்ணீர் அதேதான், கேட்கும் வயல்கள் கூடிவிட்டன.

நெல்லுல லாபமே இல்லைங்கறீங்க. அப்புறமும் ஏன் நெல்லையே போடறீங்க?

மண்ணும் மழையும் ஒரு காரணம், முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்று கொள்முதல் நிலையம். அரசு விலை சொல்லிப் பெரிய அளவில் எடுத்துக்கொள்ளும் பயிர் இங்கே நெல்தான். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. பருத்தியைப் போல ஏலத்தில் என்ன ஆகுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அதனால்தான் கொள்முதல் தடுமாறினால் நான் பயப்படுகிறேன். 2025 அக்டோபரில் குறுவை நெல் நிறைய வந்தது. மூட்டைகள் நகராமல் தேங்கின, மழையும் பிடித்தது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி, சாலையோரம் கொட்டிய நெல்லோ முளைவிட்டது. தண்ணீர் இருந்து, விளைச்சல் இருந்து, சேமிக்க இடமில்லாமல் நெல் வீணாவது வறட்சியைவிட மோசம் என்பேன். இரண்டு முறை இப்படி அடிபட்டவர் மூன்றாம் முறை குறுவை விதை கேட்டு என் கடைக்கு வரமாட்டார்.

எல்லாரும் பாரம்பரிய நெல்லுக்கு மாறிட்டா?

ஆதிரெங்கத்தில், பாரம்பரிய விதைகளைச் சேகரித்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மறுபடி வயலுக்கு வந்தன. அது பெரிய காரியம். வெள்ளம் தாங்கும் ரகங்கள் அதில் உண்டு, இடுபொருள் செலவும் குறைவு. விளைச்சல் மட்டும் பல ரகங்களில் இன்றைய ரகங்களுக்குக் கிட்டத்தட்ட பாதிதான். கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும் வரை நல்ல வருமானம். மொத்த டெல்டாவும் மாறினால் கொள்முதல் பாதியாகும். ஒரு பகுதி நிலத்தில் இருக்கட்டும், விதை அழியாமல் இருக்கும்.

சிறுதானியம் சாப்பிட ஆரம்பிச்சா அரிசிக் கவலையே இல்லையே?

சாப்பிடுங்கள், நல்லதுதான். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகு தின்று வளர்ந்த தர்மபுரிக்கு அது பொருத்தம். அரிசித் தேவை அங்கே குறைந்தால் நமக்கும் நிம்மதி. ஆனால் ஐப்பசி மழையில் திருவாரூர் களிமண்ணில் கேழ்வரகு போடச் சொன்னால், முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்கள்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாச்சே. இனி நிலம் எங்கே போகும்?

2020-ல் வந்த அந்தச் சட்டம் சில தொழில்களைத் தடுக்கிறது: எண்ணெய், நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பது, உருக்காலை, தாமிர ஆலை, தோல் பதனிடுதல் இப்படி. அது வந்தது நல்லது. ஆனால் என்ன பயிர் போட வேண்டும் என்று அது சொல்லவில்லை. வயலை மனையாக்கக் கூடாது என்றும் அதில் இல்லை.

இறால் குட்டைக் கதை இன்னும் பழையது. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக நாகைப் பகுதியில் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடி, 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பே வாங்கினார்கள். 2005-ல் புதுச் சட்டம் வந்து உரிமத்தோடு நடத்தலாம் என்றாகிவிட்டது. குட்டையை ஒட்டிய வயல் உப்பேறினால் பக்கத்து வயல்காரர் நெல் போட முடியாமல் விற்பார், வாங்குபவர் அங்கேயும் குட்டை வெட்டுவார். மனையிலும் இதே கதைதான். வாய்க்காலைத் தூர்த்து ஒருவர் மனை போட்டால் கீழே உள்ள பத்து வயலுக்குத் தண்ணீர் போகாது, வடியவும் வழி இருக்காது.

எனக்கு ஆறு ஏக்கர் இருக்கு. அரிசியும் கெடக்கூடாது, நானும் பிழைக்கணும். என்னதான் போடட்டும்?

வயல் வாய்க்கால் தலைப்பில் இருந்து, ஜூன் கடைசிக்குள் தண்ணீர் வரும் ஆண்டாக இருந்தால் குறுவை, தாளடி இரண்டும் போடுங்கள். கோடையில் ஈரம் இருக்கும் வயலில் பயறு, இல்லாவிட்டால் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு. ஜூலை பாதி தாண்டியும் அணை திறக்கவில்லை என்றால் குறுவையை மறந்துவிட்டு சம்பாவுக்குத் தயாராகுங்கள். தாமதமாகப் போட்ட குறுவை ஐப்பசி மழையில் அறுவடைக்கு வந்து மாட்டிக்கொள்ளும்.

கடைமடை என்றால் சம்பா நேரடி விதைப்பு, பள்ளமான வயலுக்கு வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப் 1. அறுவடைக்குப் பின் பருத்தி போடுவதாக இருந்தால் ஆறு ஏக்கரிலும் போடாதீர்கள், இரண்டில் போடுங்கள். கைஅறுப்புக்கு ஆள் கிடைத்தால் ஓர் ஏக்கரிலாவது அந்த ஏழு நாள் முன்னால் தூவும் உளுந்தைச் செய்து பாருங்கள். விதை வாங்க தை பிறந்த பிறகு வராதீர்கள், மார்கழியிலேயே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.